வஸீலாவின் இரண்டு அளவுகள்

பிஸெர்த் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய துணிச் சந்தையில் எனக்கு ஒரு கடை. கடை என்றால் ஒரு தகரக் கூரை, மூன்று நீள மேஜை, பின்னால் ஒரு திரை, அவ்வளவுதான். ஐரோப்பாக்காரர்கள் உடுத்திக் கழித்தது பேல் பேலாக, இறுக்கிக் கட்டிய பெரிய மூட்டைகளாகக் கப்பலில் வரும். செவ்வாய்க்கிழமை பேல் பிரிப்பேன். அன்றைக்குக் காரில் வருகிற சீமாட்டிகள் நல்லதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நாள் போகப் போக விலை இறங்கும். சனிக்கிழமை மிச்சமீதியை ஒரே குவியலாகக் கொட்டி, எதை எடுத்தாலும் ஒரு தினார் என்று தொண்டை வற்றக் கத்துவேன். முட்டி வலி, மூக்கில் தூசி, காலில் வீக்கம், இதுதான் என் பிழைப்பு.

வஸீலா சனிக்கிழமைக்காரி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவளுக்கு வேறு எந்தக் கிழமை கட்டுப்படியாகும்? புருஷன் இத்தாலிக்குப் படகேறிப் போனவன், போனவன்தான். ஆள் நல்ல தாட்டியான உடம்பு. அவள் அளவுக்கு எதுவும் லேசில் கிடைக்காது. எப்போதாவது ஒரு பெரிய அங்கி பேலில் வந்தால் சீமாட்டிகள் கண்ணில் படாமல் மேஜைக்கடியில் தள்ளி வைத்துவிடுவேன். நான் அப்படியொன்றும் இரக்கசாலி இல்லை. அவள் பேரம் பேச மாட்டாள், அதனால் பிடிக்கும்.

போன அக்டோபரில் வந்தவள் பெரிய அளவுக் குவியலை விட்டுவிட்டுப் பக்கத்துக் குவியலைக் கிளறினாள். பாவாடை இடுப்பில் இரண்டு ஊக்குகள். யாருக்காகடி இந்த இளைப்பு, எவன் அவன் என்று சீண்டினேன். வழக்கமாக அவள் வாயில் வருகிற பதிலை எழுத முடியாது. அன்றைக்குச் சிரிக்கக்கூட இல்லை. பிரிக்காத பேல் ஒன்றின் மேல் உட்கார்ந்து, தம்பியைப் பற்றிச் சொன்னாள்.

தம்பி திஜானியை எனக்கும் தெரியும். டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரி கிடந்தான். சொந்தத்தில் யாராவது ஒன்றைக் கொடுத்தால் பிழைப்பான். அவனோ, எனக்காக இந்தக் குடும்பத்தில் ஒருத்தர் மேலும் கத்தி படக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் ஆணையிட்டுச் சொல்லிவிட்டான். வஸீலா யாருக்கும் தெரியாமல் தலைநகருக்குப் போய்ச் சோதனை செய்துகொண்டாள். எல்லாம் பொருந்தியிருக்கிறது. ஆனால் இந்த எடையோடு உன்னை மேஜையில் படுக்கவைக்க மாட்டோம், பாதி ஆளாகி வா என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

"அவன்கிட்ட இப்பச் சொன்னா, குடுக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிருவான்க்கா," என்றாள். "எடை இறங்கி, டாக்டரும் சரின்னு சொல்லிட்டா அப்புறம் என்ன பண்ணுவான்? அதுவரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது."

சரி என்றேன். ஊர்ப்பட்ட பேச்சு பேசுகிறவள்தான் நான், ஆனால் ஒருத்தர் நம்பிச் சொன்னதை வெளியே விட்டதில்லை.

இளைப்பது சும்மா வராது. அவள் நாள் முழுக்கப் பெரிய அண்டாவில் மக்ரோனி கிண்டுவாள், இறைச்சிக் குழம்பு வாசனையில் நிற்பாள், பிள்ளைகள் தட்டை வழித்துத் தின்பதைப் பார்ப்பாள். தனக்கு வேகவைத்த காய், அரை ரொட்டி, ஒரு முட்டை. சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடை. ஒவ்வொரு வாரமும் கண்ணுக்குக் கீழே கறுப்பு கூடிக்கொண்டே போனது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஏதோ கெட்ட வியாதி என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி குர்ஆன் ஓதிய தண்ணீரைப் புட்டியில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாமல் வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள்.

துணிதான் பெரிய தொல்லை. உடம்பு மாதத்துக்கு ஒரு அளவு மாறினால் எந்தச் சம்பளம் தாங்கும்? முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தாள். செவ்வாய்க்கிழமையே வந்து, சீமாட்டிகளோடு முட்டி மோதி, நல்ல கறுப்புக் கால்சட்டை ஒன்றைச் சின்ன அளவில் வாங்கினாள். இன்னும் கொஞ்ச நாளில் இதற்குள் போய்விடுவேன் என்று ஆசை. போனாள், போன வேகத்திலேயே அதையும் தாண்டிவிட்டாள். உருப்படியாக நாலு தடவைகூடப் போடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. நாளைக்கு வரப்போகிற உடம்புக்கு இன்றைக்கே துணி வாங்குவாளா ஒருத்தி என்று நன்றாகத் திட்டினேன்.

அப்புறம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். இரண்டு பாவாடை, மூன்று மேல்சட்டை, அதற்குமேல் கூடாது. பாவாடை எலாஸ்டிக் வைத்ததாகவோ நாடா போட்டதாகவோ இருக்க வேண்டும், இறுக்கிக்கொண்டே போகலாம். தொளதொளத்தால் துவைத்துக் கொண்டுவந்து என்னிடம் போட்டுவிட்டு, சனிக்கிழமைக் குவியலில் அடுத்த அளவை எடுத்துக்கொள்வாள். எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, அவள் துவைத்துத் தேய்த்துத் தருவது வந்ததைவிடச் சுத்தமாக இருக்கும். பிடிக்க முடியாததைப் பிடித்துத் தைப்பதில் அர்த்தமில்லை என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். மாரை அளவெடுத்துத் தைத்த உள்ளாடையை எந்தத் தையல்காரியாலும் சின்னதாக்க முடியாது. அதற்கு மட்டும் கடைக்குப் போய்ப் புதிது வாங்கினாள். செருப்புகூடப் பெரிதாகிவிட்டது, உள்ளே பஞ்சு வைத்துக்கொண்டாள்.

இத்தனையும் ஒரு பக்கம். சனிக்கிழமை மத்தியானம் அவள் தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போவாள், வருஷக்கணக்கான பழக்கம். போகாவிட்டால் அவன் தேடிக்கொண்டு வந்துவிடுவான். இளைத்துப்போய் நின்றால் கண்டுபிடித்துவிடுவான். அதனால் நேரே என் கடைக்கு வந்து, திரைக்குப் பின்னால் போய், கம்பளிச் சட்டை ஒன்றின் மேல் ஒன்று, அதன்மேல் பஞ்சு வைத்த கையில்லாச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் அவளுடைய பழைய மண்ணிற அங்கி என்று மாட்டிக்கொள்வாள். திரையை விலக்கி வெளியே வந்தால் பழைய வஸீலா. முகத்துக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொள்கிறேன், அவனுக்குக் கண்ணும் சரியாகத் தெரிவதில்லை, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். அவன் பெண்டாட்டிக்கு எல்லாம் தெரியும். அவளும் வாயைத் திறக்கவில்லை, வஸீலா தட்டில் கொஞ்சமாகத்தான் வைப்பாள்.

குளிர்காலத்தில் இதெல்லாம் சரி. மே மாதம் பிறந்து வெயில் ஏறியதும், திரும்பி வருகிறபோது அவளைப் பார்க்கச் சகிக்காது. கம்பளியை உரித்தால் உள்சட்டை பிழிகிற ஈரம். தொங்கிப்போன தோலில் வேர்க்குரு. அடுப்பில் வைத்த ரொட்டி மாதிரி வெந்துபோய், பேல் மேல் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். விசிறிவிடுவேன். களைச்சுப்போச்சுக்கா, ரொம்பக் களைச்சுப்போச்சு என்பாள்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, அவள் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், திஜானி வந்தான். தோளில் ஒரு சாக்கு. இரண்டு எட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினான். சாக்கை மேஜைமேல் அவிழ்த்துப்போட்டு, விலை சொல்லுங்க என்றான். கல்யாணக் கோட்டு, நல்ல சட்டைகள், தோல் செருப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் கனமான குளிர்காலக் கோட்டு. மற்றதைப் பார்த்தபோது வராத பயம் அதைப் பார்த்ததும் வந்தது.

இதை விற்றுவிட்டு ஜனவரியில் எதைப் போடுவாய் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான். பேல் மேல் உட்கார்ந்தான். சிகரெட்டை விட்டுவிடப் போகிறேன் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

"திங்கக்கிழமையிலிருந்து மெஷினுக்குப் போறதில்லைனு முடிவு பண்ணிட்டேன்க்கா. போதும். வீட்டுல இன்னும் சொல்லல."

மெஷினை நிறுத்தினால் எத்தனை நாள் தாங்குவான் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். வஸீலாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அவன் உயிர் ஒரு பக்கம். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டர், எடை, பாவாடைகள், திரைக்குப் பின்னால் மாட்டுகிற கம்பளிகள். சொல்லச் சொல்ல அவன் முகம் சிவந்தது. யாரைக் கேட்டுச் செய்தாள் என்று இரைந்தான். நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் இது நடக்காது என்றான். இரைவதற்கு மட்டும் எங்கிருந்து தெம்பு வந்ததோ.

அப்போதுதான் வஸீலா வந்து நின்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வருகிறாள், இடுப்பில் நாடாப் பாவாடை, போன வாரம் எடுத்த மேல்சட்டை. ஒளிந்துகொள்ள நேரமில்லை. அவளை அவளுடைய சொந்த அளவில் அவன் பார்த்து எட்டு மாதமாகியிருந்தது. கழுத்து எலும்பையும், தொங்குகிற கையையும், பாதியாகிவிட்ட முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் மேஜைமேல் கிடந்த கோட்டைப் பார்த்தாள். யாரும் விளக்கவில்லை, அவளுக்கே புரிந்துவிட்டது.

வேண்டாம், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று அவன் ஆரம்பித்தான். சத்தம் அடங்கிப்போயிருந்தது.

வஸீலா அழவில்லை, கோபப்படவும் இல்லை. அவன் பக்கத்தில் அதே பேல் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எட்டு மாசமாப் பசியோட நிக்கிறேன்டா," என்றாள். "நூறு பிள்ளைங்களுக்குப் பரிமாறிட்டு, கையை நக்காமக் கழுவிட்டு வர்றேன். நீ வேணாம்னு சொல்லு, பரவாயில்ல. ஆனா நான் திங்காம விட்ட சோத்தையெல்லாம் இப்ப இங்க கொண்டாந்து வை. ஒரே மூச்சுல தின்னுட்டுப் பழையபடி ஆயிடறேன். வச்சிட்டு அப்புறம் சாவு."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. குவியலைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். எதை எடுத்தாலும் ஒரு தினார் என்று நான் கத்த வேண்டிய நேரம், கத்தவில்லை. எனக்கும் அழுகை வந்தது.

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான், அவன் விரல்கள் சுற்றிப்போய் ஒன்றையொன்று தொட்டன.

"இன்னும் எவ்வளவு இறங்கணும்?"

"நாலு கிலோ."

எழுந்தான். எழுவதற்கு அவள் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"வீட்டுல குஸ்குஸ் பண்ணியிருக்கா, ஆட்டுக்கறி போட்டு," என்றான். "வந்து உக்காரு. ஆனா உனக்கு ஒரு வாய்கூடக் கிடையாது."