மாலையில் தண்ணீர் கிடையாது

திருப்பருத்திக்குன்றம் போகும் சாலையில் உள்ள அந்த முதியோர் இல்லத்துக்கு அம்சவேணியை யாரும் கொண்டுவந்து விடவில்லை. இடுப்பெலும்பு முறிந்து, தனியாக இருக்க முடியாது என்று ஆனதும், அவரே விசாரித்து அவரே வந்து சேர்ந்தார். பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர்களை நம்பி இட்லிக் கடை நடத்தியவர். சாலையோரக் கடைகளை எடுக்கச் சொல்லி வந்தவர்களின் கண் எதிரிலேயே அடுத்த ஈடு ஊற்றியவர்.

பக்கத்துக் கட்டிலில் இளவரசி. பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறினாலும் நினைவு தெளிவு. சாயந்திரமானால் அவருக்குத் தண்ணீர் கிடையாது. ராத்திரியில் டயப்பர் மாற்ற ஆள் இல்லை என்பதால் இல்லத்தார் கண்டுபிடித்த வழி அது. அம்சவேணி தன் சொம்பிலிருந்து ஊற்றிக்கொடுத்தார். மேலாளர் ராம்ப்ரஸாத் அந்தச் சொம்பையும் எடுத்துக்கொண்டு போனார்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்த நாளில், நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் தலையில் பூவோடு கூடத்தில் உட்காரவைக்கப்பட்டார்கள். அதிகாரி ஷாரோன் சின்ன வயதுப் பெண். "எல்லாம் நல்லா இருக்குதாமா? கவனிச்சிக்கிறாங்களா?" என்று கேட்டார். ராம்ப்ரஸாத் பக்கத்திலேயே நின்றார். எல்லாத் தலைகளும் ஆடின.

அம்சவேணியின் தலை ஆடவில்லை.

"இவரை நிக்க வெச்சிக்கினு கேட்டா யாரும்மா சொல்லுவாங்க? அவரை வெளிய போகச் சொல்லு. அப்புறம் கேளு."

"இந்தம்மாவுக்கு ஞாபகக் குழப்பம் மேடம்," என்றார் ராம்ப்ரஸாத்.

"குழப்பமா? என் சொம்பை நீ எந்த அலமாரியில பூட்டி வெச்சிருக்கேன்னு சொல்லட்டுமா?"

ஷாரோன் ஒரு கணம் யோசித்தார். பிறகு, "சார், நீங்க ஆபீஸ் ரூம்ல இருங்க," என்றார்.

அம்சவேணி ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு முன்னே நடந்தார். எழுந்து வர முடியாதவர்களை அன்றைக்கு ஒதுக்கிவைத்து, கதவு சாத்தியிருந்த பின்னறையில் இளவரசி படுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. ஷாரோன் தன் கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, தலையைத் தாங்கிப் புகட்டினார். இளவரசி வாயை எடுக்கவே இல்லை.

"பொழுது சாஞ்சா குடுக்க மாட்டாங்கமா," என்றார் குழறலாக. "தொண்டை ஒட்டிக்கினு தூக்கமே வராது."

ஷாரோன் அதைக் குறித்துக்கொண்டார். படுக்கையில் கிடந்த மற்றவர்களையும் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார்.

அவர் போனதும் ராம்ப்ரஸாத் பெங்களூருக்கு போன் போட்டார். அம்சவேணியின் மகன் தனசேகரன் மறுநாளே வந்து நின்றான்.

"ஏம்மா உனக்கு இந்த வம்பு? அழைச்சிக்கினு போங்கன்றாங்க. கிளம்பு."

"நான் எதுக்குக் கிளம்பணும்? தப்பு பண்ணது நானா? இது நான் இருக்கிற வீடு. நீ டிபன் சாப்பிட்டு பஸ் ஏறு."

மகன் சொன்னதைவிட அம்சவேணியைச் சுட்டது, அதே இல்லத்தில் இருந்த ஸுபத்ரா சொன்னதுதான். சின்ன காஞ்சிபுரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், எல்லார் எதிரிலும் கேட்டார்: "இதை மூடிட்டா நாங்கள்லாம் எங்க போறது? யோசிச்சேளா?"

அன்று அம்சவேணிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பயம் அவருக்கும் இருந்தது. ஆனாலும் சொன்னார்: "மூடணும்னு நான் சொல்லலை டீச்சர். தண்ணி குடுக்கணும்னு சொன்னேன். பயந்துக்கினே இருந்தா நாளைக்கு நீங்களும் நானும் அந்தக் கட்டில்லதான் படுக்கணும்."

இல்லத்தை மூடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஷாரோன் இரண்டாம் முறை வந்தார், அதுவும் பொழுது சாய்ந்த நேரத்தில். அதன் பிறகு ராத்திரி வேலைக்கு துர்காதேவி என்றொரு பெண் சேர்க்கப்பட்டார். இளவரசி கேட்டபோதெல்லாம் குடிக்கிறார். ராம்ப்ரஸாத் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அம்சவேணியிடம் பேசுவதில்லை.

அதற்காக அம்சவேணி விடுவதாக இல்லை. பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வாசல் கேட்டின் முன்னால் இப்போது தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கோயிலுக்குப் போய்வர யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று, போகிற வருகிறவர் காதில் விழும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று ஸுபத்ராவும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.