நாலு விரல் குறைந்த பெஞ்சு

கம்ப்யூட்டரில் மரம் அறுப்பது சுலபம். தூள் பறக்காது, தோள் வலிக்காது. தப்பாக அறுத்துவிட்டால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அறுத்த துண்டு பழையபடி வந்து ஒட்டிக்கொள்ளும். இதை ஒருநாள் என் பாவாவிடம், அதாவது அக்கா வீட்டுக்காரரிடம், பெருமையாகச் சொன்னேன். அவர் இழைப்புளியை நிறுத்தாமலே, "அந்தப் பொத்தான் ஒண்ணு எனக்கும் வாங்கியாடா" என்றார்.

பாவாவின் பட்டறை திருத்தணியில் மலையடிவாரத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே இருந்தது. கதவு, ஜன்னல், கட்டில் செய்வார். ஆடி நெருங்கினால் காவடிச் சட்டங்கள். நான் பிளஸ் டூவில் பாதியும் ஐ.டி.ஐ.யில் மீதியும் விட்டவன். வரைபடம் போடுவது மட்டும் எப்படியோ கையில் தங்கிவிட்டது. அரக்கோணத்தில் மருந்துக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில், பையன்களுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுக்கும் சாக்கில் உட்கார்ந்து, பொருள்களை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கிற மாதிரி வரையும் வித்தையையும் பழகிக்கொண்டேன். 2000 தாண்டிய புதிது. திருத்தணிப் பக்கம் கட்டில் வாங்க வருகிறவர்கள், தங்கள் கட்டில் திரையில் சுற்றுவது போன்ற படத்தைக் காகிதத்தில் பார்த்தால் வாயைப் பிளப்பார்கள்.

நான் சும்மா இருப்பேனா? ஒரு கட்டில் படத்தில், பெரிய மீசை வைத்த ஆளைப் படுக்கவைத்து, கால் இரண்டும் வெளியே தொங்குகிற மாதிரி வரைந்தேன். மீசை பாவாவுடையது. வாங்க வந்தவர் உற்றுப் பார்த்துவிட்டு, "கட்டிலோட இவரும் வருவாருங்களா?" என்று கேட்டார். பாவா அந்தப் படத்தைக் கிழிக்கவில்லை. பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தார்.

அந்தப் படத்தால்தான் மேடம் வந்தார். சென்னையில் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து தருகிறவர். மலைக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது டீக்காகக் காரை நிறுத்தியவர், சுவரில் மீசையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். கடற்கரையோரம் ஒரு வீட்டுக்கு மரச்சாமான் எல்லாம் ஒரே பாணியில் வேண்டுமாம். ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் என்று பெயர் சொன்னார். நூறு வருஷத்துக்கு முன்னால் சீமையில் சில பேர், மெஷினில் செய்த சாமானைப் பார்த்து வெறுத்துப்போய், மரம் மரமாகவே தெரியணும், கையால் செய்தது தெரியணும், சேர்த்த இடம் கண்ணுக்குத் தெரியணும் என்று ஆரம்பித்த பாணி என்றார்.

"அப்ப கம்ப்யூட்டர்ல வரையலாங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"மெஷின்ல செய்யறதுதான் கூடாது. வரையலாம்" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

முதலில் ஒரு பெஞ்சு. ஜன்னலை ஒட்டி இரண்டு தூண்களுக்கு நடுவே வைக்க. அது சரியாக வந்தால் மேசை, நாற்காலி, அலமாரி என்று அந்த வீட்டு வேலை முழுக்கப் பாவாவுக்கு.

அந்தப் பெஞ்சு மேடத்துக்கு வெறும் பெஞ்சு. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. பாவாவின் பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜென்ட் கையில் இருந்தது. மஸ்கட்டில் கதவு மாட்டும் வேலை. மெடிக்கல் முடிந்துவிட்டது. அக்கா முழுகாமல் இருந்தாள்.

அன்றைக்குச் சோறு போடும்போது அக்கா கேட்டாள். "ஏங்க, இந்த பெஞ்சி நல்லா வந்துட்டா நீங்க போவத் தேவையில்ல இல்ல?"

"வந்துட்டா எதுக்குப் போறேன்? பாஸ்போர்ட்ட திருப்பி வாங்கியாந்துடறேன்."

"இவன் ஒழுங்கா வரையணுமே."

"நான் ஒழுங்காத்தான் வரையறேன்கா. மீசை மட்டும் வைக்கல."

வரைந்தேன். இப்போது நினைத்தாலும் கண் எரிகிறது. முதுகு சாய்கிற பக்கம் வரிசையாக மெல்லிய மரப்பட்டிகள், கம்பி எண்ணுகிற மாதிரி. அவற்றுக்கு இடையில் இருக்கிற சந்தின் அளவை மேடம் மாற்றிக்கொண்டே இருந்தார். நான் படத்தை மெயிலில் அனுப்புவேன். "பட்டிகளுக்கு மூச்சுவிட இடம் வேணும்" என்று பதில் வரும். மரத்துக்கு மூச்சுவிட இடம் கொடுத்தவர், அதற்காகத் தினமும் அரக்கோணம் ரயிலில் ஒற்றைக் காலில் நின்று போகிறவனுக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம். சந்து அகலமானால் பட்டி ஒன்று குறையும், பட்டி குறைந்தால் சட்டம் மாறும், சட்டம் மாறினால் கால் மாறும். எல்லாம் மாற்றி முடிக்கிற நேரம் பார்த்துக் கரண்டு போகும். சேமிக்காமல் விட்ட பெஞ்சு இருட்டோடு போய்விடும். மாடியில் விசிறி நின்ற அமைதியில், கீழே மருந்துக்கடைக்காரர் ஜெனரேட்டர் கயிற்றை இழுத்துத் தோற்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பொத்தானை அழுத்தினால் எல்லாம் திரும்பி வரும் என்று பாவாவிடம் பீற்றிக்கொண்டது அப்போது ஞாபகம் வரும்.

பெஞ்சில் முக்கியமான இடம் ஒன்று உண்டு. நீளச் சட்டத்தின் முனையைச் சிறுத்து நாக்கு மாதிரி ஆக்கி, காலில் குடைந்த துளைக்குள் நுழைப்பார்கள். அந்த நாக்குக்குக் கழுந்து என்று பெயர். நம் ஊர் வேலையில் கழுந்து துளைக்குள்ளேயே அடங்கிவிடும். மேடம் கேட்ட பாணியில் அது காலைத் துளைத்துக்கொண்டு, மறுபக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

படத்தை நாலு தாளில் அச்செடுத்து ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். பாவா தாளை நம்ப மாட்டார். எந்த வேலையானாலும் ஒரு பிளைவுட் பலகையில் பென்சிலால் நிஜ அளவுக்கு வரைந்துகொண்டுதான் மரத்தில் கை வைப்பார். வரைந்துகொண்டே வந்தவர் முனைக்கு வந்ததும் நின்றார்.

"இன்னாடா இது, மூக்கு மாதிரி?"

"கழுந்து பாவா. வெளிய நீட்டிகினு இருக்கணும்."

"வெளாடாத."

"சத்தியமா பாவா. அதான் அந்த பாணியே. மீசைதான் வெளாட்டு, மூக்கு நெஜம்."

"கழுந்து வெளிய தெரிஞ்சா அளவு தெரியாதவன் செஞ்சதுன்னு சொல்லுவாங்கடா. மாப்பிள்ள பாக்க வந்தப்ப உங்க நைனா எங்க வீட்டுக் கதவத்தான் மொதல்ல தடவிப் பாத்தாரு. சேத்த எடமே தெரியல, அப்புறந்தான் பொண்ணு குடுத்தாரு."

"அப்பவே கழுந்து தெரிஞ்சிருந்தா அக்கா தப்பிச்சிருக்கும்."

சுத்தியலை ஓங்கினார். அடிக்கவில்லை. வரைந்தார். மூக்கோடு.

பெஞ்சு நன்றாக வந்தது. தேக்கு. மேடம் பார்த்த பிறகுதான் பசை என்பதால் சும்மா கோத்து நிறுத்தியிருந்தோம். நான்கு கால்களிலும் கழுந்து வெளியே எட்டிப் பார்த்தது. பாவா வேலைக்கு நடுவில் அடிக்கடி அந்தப் பக்கம் பார்ப்பார், சட்டைப் பொத்தானைப் போடாமல் தெருவுக்கு வந்துவிட்டவர் மாதிரி.

நான் அரக்கோணம் போயிருந்த ஒருநாள் நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். ஆர்.கே.பேட்டையிலிருந்து இன்னொரு ஆசாரி காவடிச் சட்டம் வாங்க வந்திருக்கிறார். பாவாவோடு ஒன்றாகத் தொழில் பழகியவர். பெஞ்சைச் சுற்றி வந்து, நீட்டிய கழுந்தைக் கட்டைவிரலால் தட்டிப் பார்த்து, "இன்னாப்பா, கல்யாணம் ஆனதும் அளவு மறந்துடுச்சா?" என்று கேட்டிருக்கிறார். டீ வாங்கி வந்த ஆளும் சிரித்திருக்கிறான். மொட்டை போட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்த ரெண்டு பேர், என்ன சிரிப்பென்று எட்டிப் பார்த்துவிட்டுத் தாங்களும் சிரித்திருக்கிறார்கள்.

பாவா அவர்களோடு சேர்ந்து சிரித்தாராம். அவர்கள் போன பிறகு ரம்பத்தை எடுத்தாராம்.

நான் வந்து பார்த்தபோது கால்கள் வழுவழுவென்று இருந்தன. கழுந்துகளைக் காலோடு ஒட்ட அறுத்து, உப்புத்தாள் போட்டு, கழுந்து எது கால் எது என்று தெரியாதபடி இழைத்திருந்தார். மறுநாள் மேடம் வருவதாகச் சொல்லியிருந்தது.

"பாவா, இன்னா செஞ்சீங்க?"

"அறுத்துட்டேன்."

"நீட்டிகினு இருக்கணும்னு சொன்னேனே."

"சொன்னே. கேட்டேன். செஞ்சேன். அத்தப் பாத்துகினு இருக்கத்தான் முடியல."

அக்கா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். கேலி செய்ய நான்கைந்து வாக்கியம் நாக்கில் வந்தது. அக்கா முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

அடுத்த ரயிலில் அரக்கோணம் போனேன். பெஞ்சைத் திரையில் பிரித்துப் போட்டேன். அறுத்த கழுந்து வளராது, புதுச் சட்டம் இழைக்க நேரமும் இல்லை. ஆனால் கழுந்து தொடங்கும் இடத்தை இரண்டு விரல் உள்ளே தள்ளி வெட்டினால், சட்டம் அந்த அளவுக்குக் காலுக்குள் கூடுதலாகப் போகும், மூக்கு மறுபடி வெளியே வரும். இரண்டு பக்கமும் சேர்த்துப் பெஞ்சு நாலு விரல் குட்டையாகும். பட்டிகளைத் தொட வேண்டாம், ஓரத்துச் சந்து இரண்டு மட்டும் குறுகும். திரையில் செய்து பார்த்தேன். கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அச்செடுக்கிற வரையில் கரண்டுகூட இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

பாவா தாளைப் பார்த்துத் தலையாட்டினார். காலையில் எழுந்து இருவருமாகப் பெஞ்சைப் பிரித்தோம். அவர் வெட்ட, நான் பிடித்துக்கொண்டேன். உட்காரும் பலகையை ஓரத்தில் அறுத்தோம். மதியம் கோத்து நிறுத்தியபோது நான்கு மூக்கும் வெளியே இருந்தன. பாவா துணியில் எண்ணெய் தொட்டு, அவரே அந்த முனைகளைத் துடைத்துவிட்டார்.

மேடத்தின் கார் வந்தது. மேடம் நேராகக் கழுந்தைத்தான் தொட்டார். நான்கையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். உட்கார்ந்தார், சாய்ந்தார், கண்ணை மூடினார்.

"இதைத்தான் நான் கேட்டேன்" என்றார்.

வாசல்படியில் அக்கா கைமுட்டு வரை ஈரத்தோடு நின்றிருந்தாள். பாத்திரம் கழுவப் போட்டது அப்படியே கிடந்திருக்க வேண்டும். அவள் சிரிப்பதைப் பார்த்தேன்.

பிறகு டிரைவர் காரிலிருந்து ஒரு மெத்தையைத் தூக்கி வந்தார். என் முதல் படத்தின் அளவுக்கு மேடம் முன்கூட்டியே தைத்து வைத்திருந்தது. விரித்தார்கள். மெத்தை இரண்டு கைப்பிடிக்கும் நடுவில் அடங்காமல் ஓரத்தில் புடைத்து மேலே எழுந்தது. டிரைவர் அமுக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்தது.

மேடம் பையிலிருந்து டேப்பை எடுத்தார். அளந்தார். என்னைப் பார்த்தார்.

"படத்துல சரியாத்தானே இருந்தது?"

மெத்தை காற்றில் ஊறிவிட்டது என்று ஏதாவது அடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பாவா முந்திக்கொண்டார்.

"படம் சரிதாம்மா. நாந்தான் கழுந்த அறுத்துட்டேன். அப்புறம் அத்த சரிபண்ணப் போயி குட்டையா பூடுச்சு."

"ஏன் அறுத்தீங்க?"

"வெளிய தெரியுதேன்னு."

மேடத்துக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவர் பொறுமையாகவே சொன்னார். தூணுக்குத் தூண் அளவு அது, நாலு விரல் சந்து விட்டால் அந்த இடமே விகாரமாகிவிடும். மறுபடி ஒன்று செய்யச் சொல்லலாம், ஆனால் அந்த வீட்டில் இது போல எத்தனையோ சாமான் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் கழுந்து வெளியே தெரியும்.

"ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு அறுக்கணும்னுதான் தோணும் இல்லையா?" என்று பாவாவைக் கேட்டார்.

பாவா கொஞ்சம் யோசித்தார். "ஆங், தோணும்" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அக்கா வாசல்படியில் காத்திருந்தாள்.

மேடம் போகும்போது என்னிடம், "நீ வரையறது நல்லா இருக்கு. தொடர்ந்து வரைஞ்சு அனுப்பு. சென்னையில ஆள் வச்சு செஞ்சுக்கறேன்" என்றார். நான் பாவாவைப் பார்த்தேன்.

"வரைடா. ஒருத்தருக்காச்சும் வேலை கெடச்சுதே" என்றார்.

கார் போன பிறகு அக்கா வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் உட்கார்ந்தாள். "நல்லாத்தான் இருக்குது" என்றாள். பக்கத்தில் பாவா உட்கார்ந்தார். எனக்கும் இடம் இருந்தது. நான் உட்காரவில்லை.

பாவா மஸ்கட் போனார். நான் வரைந்தேன். அந்தக் கடற்கரை வீடு முடிந்து, அடுத்த வீடு, அதற்கடுத்தது. எந்த வீட்டையும் நான் நேரில் பார்த்ததில்லை. எல்லா வீட்டிலும் அதே பட்டிகள், அதே சந்து, அதே மூக்கு. ஒவ்வொரு படத்திலும் கழுந்து வெளியே வரும் இடத்தில் அம்புக்குறி போட்டு, 'இதை அறுக்க வேண்டாம்' என்று எழுதிவிடுவேன். சென்னையில் யாரும் அறுக்கப்போவதில்லை. மேடம்கூட ஒருமுறை, அது எதற்கு என்று கேட்டார். பழக்கமாகிவிட்டது என்றேன். நடுவில் ஒரு படத்தில் மீசைக்காரரைப் படுக்கவைத்துப் பார்த்தேன். சரியாக வரவில்லை, அழித்துவிட்டேன்.

பெஞ்சு அக்கா வீட்டில்தான் இருக்கிறது. அக்கா ஒரு பக்கத்து மூக்கில் பையனின் தண்ணீர் பாட்டிலை மாட்டுகிறாள். இன்னொன்றில் துண்டு. அவன் நடக்கப் பழகியதே அதைப் பிடித்துக்கொண்டுதான். தேய்ந்து தேய்ந்து அந்த முனை மட்டும் பளபளக்கிறது.

போன வாரம் பாவா போன் செய்தார். அங்கே பின்னால் டிரில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பெஞ்சி எப்படிடா கீது?"

"நல்லா கீது பாவா."

"மூக்கு?"

"நீட்டிகினுதான் கீது."

"யாராச்சும் வந்து பாத்து சிரிக்கறாங்களா?"

"நான் ஒருத்தன்தான் சிரிக்கறேன்."

"நீ எதுக்குத்தான் சிரிக்கல" என்றார். டிரில் நின்றது. பிறகு, "அத்த அறுத்துடலாமாடா, வரும்போது?" என்றார்.

"புள்ளைக்குப் பாட்டில் மாட்ட எடம் வேணும் பாவா."

"ஆங், அப்ப வுடு" என்று சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார். எப்போது வருகிறார் என்று கேட்க மறந்துபோனேன். அக்கா அதைத்தான் முதலில் கேட்பாள்.