முருகைக்கல் சுவரும் அண்ணனின் சட்ட அறிவும்

தூத்துக்குடியில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டில் செங்கல் கிடையாது. கடலுக்குள்ளிருந்து வெட்டியெடுத்த முருகைக்கல்லை அடுக்கி, சிப்பி சுட்ட சுண்ணாம்பைப் பூசிக் கட்டியது. உத்திரமெல்லாம் உடைந்த தோணியின் மரம். அந்தச் சுண்ணாம்பில் முத்தையும் அரைத்துப் போட்டார்கள் என்று உறவினர் எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். வீட்டைக் கட்டிய பூட்டனார் தோணியில் சமையல்காரர். முத்தை அவர் கண்ணால் பார்த்திருந்தாலே அதிசயம்.

அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாக இருந்தார். தான் படுக்கும் மேற்கு அறையிலேயே கண்ணை மூட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பிடிவாதம்.

அண்ணனுக்குத் துறைமுகப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை. அதனால் சட்டம் முழுக்கத் தெரியும் என்று நினைப்பு. பவளப்பாறை கடத்தியவர் கைது என்று ஒருநாள் பேப்பரில் படித்துவிட்டு, நேராக என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினான்.

“ஏளா, முருகைக்கல்லுன்னா பவளப்பாறைதான. ஃபாரஸ்ட்காரன் வந்தா அம்மாவப் பிடிச்சிட்டுப் போயிருவான்.”

எண்பது வயதில் அம்மா கடலுக்குள் முங்கிக் கல் கடத்தினார் என்றா வழக்குப் போடுவார்கள் என்று கேட்டேன். “ஒனக்குச் சட்டம் தெரியாது” என்றான்.

கல் வெளியே தெரியக் கூடாதென்று அடுத்த வாரமே உள்ளும் புறமும் சிமெண்ட் பூச ஆள் வந்தது. கொத்தனார் தயங்கினார். “அண்ணாச்சி, இந்தக் கல்லு ஈரத்தக் குடிச்சி வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். சிமெண்ட வச்சு அடச்சா உப்பு உள்ளயே நின்னு செவுரத் தள்ளிரும்.” அண்ணன் அவருக்கும் சட்டம் சொன்னான். சுவர் பளிச்சென்று ஆனதில் எனக்கும் குஷிதான். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி மழையில் சுவர் உப்பியது. கார்த்திகையில், அம்மா மாதா கோயிலுக்குப் பூசை காணப் போயிருந்த நேரத்தில், மேற்கு அறைச் சுவர் அப்படியே விழுந்தது. மற்றச் சுவர்களும் வெடித்திருந்தன. தடயம் இருக்கக் கூடாதென்று, விழுந்த கல்லை அண்ணன் அன்றைக்கே லாரியில் ஏற்றி அனுப்பினான். அம்மாவைத் தன் மூன்றாம் மாடி வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

பிறகு ஒரு வனத்துறை அலுவலரைப் பார்த்தபோது, நண்பர் வீடு என்று சொல்லி விசாரித்திருக்கிறான். “பழைய வீட்டுக்கு என்ன சார் கேஸு? இப்பப் போயி கடல்ல எடுத்தாத்தான் கேஸு” என்றாராம். இதை என்னிடம் சொன்னபோது அவன் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது.

போன மாதம் அம்மா அந்த மூன்றாம் மாடியில் இறந்தார். சவப்பெட்டி லிஃப்டுக்குள் போகவில்லை. தூக்கி வந்தவர்களுக்கு முன்னால் படியிறங்கிய அண்ணன், திருப்பத்துக்குத் திருப்பம் சொல்லிக்கொண்டே வந்தான்: “பாத்து, செவுத்துல இடிச்சிராம.”