திரும்ப ஒட்டிய குடம்

தரம் ஒன்றுப் பிள்ளைகளுக்கு நான் அட்டை வைத்துத்தான் வாசிப்புச் சொல்லிக்கொடுப்பேன். படம், குடம், வடம், மடம் என்று ஓசை ஒத்த சொற்கள் ஒரு கட்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கைதட்டு. சொல்லுக்கு மேலே பழைய கலண்டரில் வெட்டிய படம் ஒட்டியிருக்கும். எங்கள் பள்ளிக்கூடம் துறைமுகத்துக்குப் பக்கத்தில். என் வகுப்புப் போடுகிற சத்தத்தில் கப்பல் ஊதுவதுகூடக் கேட்காது என்று பக்கத்து வகுப்பு டீச்சர் நக்கலடிப்பார். எனக்கு அதில் பெருமைதான்.

அந்தச் சத்தத்தில் முன்னுக்கு நின்றவள் ஒரு மீனவரின் மகள். ஒரு நாள் ஈரக்காற்றில் பசை விட்டு, ஓர் அட்டையிலிருந்து குடத்தின் படம் விழுந்துவிட்டது. சொல் மட்டும் மிஞ்சிய அந்த அட்டையைத் தனியாக அவளிடம் காட்டினேன். அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. இவ்வளவு நாளும் அவள் வாசித்தது எழுத்தை அல்ல, படத்தை என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

மறுநாள் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வர இருந்தார். அன்று பின்னேரம் நான் செய்த ஒரே வேலை, குடத்தைத் திரும்ப ஒட்டியதுதான். அதிகாரி வந்ததும் அந்த அட்டையைக் காட்டி அவளையே எழுப்பினேன். கணீரென்று சொன்னாள்.

“இந்தப் பிள்ளை நல்லா வாசிக்குது, டீச்சர்” என்றார் அவர்.

“ஓம் சேர்” என்றேன்.

பிறகு தனியே இருத்திச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தேன். விளையாட்டுப் போட்டி வந்தது, கடைசித் தவணையும் முடிந்தது. தேர்ச்சி அறிக்கையில் ‘வாசிப்பு மிக நன்று’ என்று என் கையாலேயே எழுதி அடுத்த வகுப்புக்கு அனுப்பினேன். வெட்கமாகத்தான் இருந்தது. சோம்பல் அதைவிடக் கூடவாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து அவளுடைய தாய் அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மற்றக் கையில் அந்த அறிக்கை. சண்டைக் காலத்தில் பள்ளிக்கூடம் போக முடியாமற்போனவர் அவர். யாரோ வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

“இவளுக்கு வாசிக்க ஏலாதாம், இப்ப படிப்பிக்கிற டீச்சர் சொல்லுறா. நீங்கள் இதில நல்லா எழுதித் தந்தனீங்கள். அப்ப வேணுமெண்டுதானே வாசிக்காமல் இருக்கிறாள்? நானும் அடிச்சுப் பார்த்திட்டன். நீங்கள் ஒருக்காக் கேளுங்கோ, டீச்சர்.”

பிள்ளையின் காலில் தழும்பு இருந்தது. அந்த அடி எனக்கு விழுந்திருக்க வேண்டியது.

அவளோ என்னைக் கண்டதும் சிரித்தாள். “டீச்சர், அந்த அட்டையள் இருக்கோ? அதெண்டா எனக்குத் தெரியும்.”

அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கைதட்டித் தட்டி, ஒரு பிழையில்லாமல் சொன்னாள். தாயின் முகம் மலர்ந்தது. “பாருங்கோ, வாசிக்கிறாள்தானே. கள்ளி.”

கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவி, படத்தைக் கையால் மறைத்துக் காட்டினேன். அவள் சொல்லைப் பார்க்கவேயில்லை. நான் கையை எடுக்கும்வரை பொறுமையாகக் காத்துக்கொண்டு நின்றாள்.

“இவளுக்கு இனி அடிக்காதேங்கோ, அம்மா” என்றேன். “இவளுக்கு வாசிக்கத் தெரியாது. அது எனக்கு அப்பவே தெரியும்.”