பௌர்ணமி அன்று யார் வருவார்கள்?

அண்ணாமலையாரை நம்பியிருக்கும் அடியார்களே, என் வீட்டில் அவர் செய்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் ஆனி மாதம். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். என் வீட்டுக்காரர் ஏழுமலைக்குக் கணையத்தில் கட்டி. அது ஈரலுக்கும் பரவிவிட்டது. "இனிமே மருந்து குடுத்து அவரைக் கஷ்டப்படுத்த வேணாம்மா. கடைசி வரைக்கும் வலி இல்லாம பாத்துக்கலாம். வீட்டுக்கே வந்து பாக்கறவங்க உங்க ஊர்லயே இருக்காங்க. நல்ல இடமா விசாரிச்சுச் சேருங்க" என்றார். நான் தலையாட்டினேன். கும்பிட்டேன். வெளியே வந்துவிட்டேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று புரியும். கத்தரிக்காய் வாங்கப் போனாலும் காம்பைக் கிள்ளிப் பார்த்து, எந்த ஊர்க் காய், எப்போது பறித்தது என்று கேட்காமல் பையில் போடமாட்டேன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக எங்களுக்கு ஒரு சின்னக் கடை. சுக்குக் காபி, சுண்டல், தண்ணீர் பாட்டில். வந்தவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவர் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், என்ன வேண்டுதல் என்று எல்லாம் என் கைக்கு வந்துவிடும். "போலீஸ் வேலைக்குப் போக வேண்டியவ, வழி தவறி எனக்கு வாக்கப்பட்டுட்டா" என்று என் வீட்டுக்காரர் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டும் உண்டு. மலை சுற்றுகிறவர்களின் நடையைப் பார்த்தே, அவர்கள் எந்த ஊர் என்று அவர் சொல்வார். நான் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வருவேன். முக்கால்வாசி தப்பாகத்தான் இருக்கும். ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

அப்படிப்பட்ட நான் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகள் ரேவதி போனில் கேட்டாள்: "எந்த மாதிரி இடம்னு விசாரிக்கணும், எதைப் பாத்து நல்ல இடம்னு முடிவு பண்ணணும், எதுவுமே கேக்கலையாம்மா? நீயா?" எனக்கு அழக்கூட வரவில்லை.

வீட்டில் அவருக்கு வலி வரும். சத்தம் போடமாட்டார். முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். நான் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முப்பது வருடம் என்னோடு வாயாடிய மனிதர், வலியில் என் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொள்கிறார். இதைவிட நரகம் இருக்கிறதா? உன் பாதையிலேயே கிடக்கிறவனுக்கு இதுதான் கூலியா என்று அண்ணாமலையாரைத் திட்டிக்கூட விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

ஊருக்குள் இந்தப் பராமரிப்பு செய்கிற இடம் இரண்டு இருப்பதாகச் சொன்னார்கள். முதல் இடத்துக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் அண்ணாமலையார் படம். அன்று கட்டிய மல்லிகைச் சரம், ஊதுவத்தி வாசனை. மேனேஜர் நெற்றி நிறைய விபூதி. நான் வாயைத் திறப்பதற்குள் எனக்கும் விபூதி கொடுத்தார். "கவலைப்படாதீங்கம்மா, எப்ப கூப்பிட்டாலும் நர்ஸ் வந்து நிப்பாங்க" என்றார். அந்த நேரம் பார்த்து சுவரில் பல்லியும் சொல்லிற்று. இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? நாளைக்கே வந்து பேரைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நம்மைப் போன்றவர்கள் விழுகிற பள்ளம் இதுதான். சாமி படத்தில் பூ வாடாமல் இருந்தால், உள்ளே எல்லாம் சரியாக இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அன்று சாயங்காலம் எங்கள் ஊர்க் கோயிலில் போய் நின்றேன். அதுவரை, பிழைக்க வை, பிழைக்க வை என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று அது வரவில்லை. "அப்பா, இனிமேல் அதைக் கேட்கமாட்டேன். அவரை எப்போது கூப்பிட வேண்டுமோ கூப்பிட்டுக்கொள். ஆனால் அந்த முதுகை என்னால் பார்க்க முடியவில்லை. வலி வந்தால் யாராவது கைகொடுக்க வேண்டும். அதை மட்டும் நடத்திக்கொடு" என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆடிப் பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. மினி லாரியிலிருந்து இரும்புத் தடுப்புகளைச் சாலை ஓரமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷம். என் வாய் தானாகக் கேட்டது.

"அண்ணே, இந்தத் தபா எப்பலேர்ந்து வண்டிய நிறுத்தறாங்க?"

"மத்தியானமே மூடிடுவாங்கம்மா. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்னு சொல்றாங்க. ஆட்டோகூட இந்தப் பக்கம் வர முடியாது."

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அப்படியென்றால் நர்ஸ் எப்படி வருவார்?

இதை மற்ற ஊர்க்காரர்கள் யோசிக்க வேண்டியதே இல்லை. மாதா மாதம் லட்சக்கணக்கான கால்கள் வாசலை மறித்து நடக்கும் ஊரில் இருக்கிற நான் யோசித்திருக்க வேண்டாமா? பௌர்ணமிக்கு வலி விடுமுறை விடுமா? ஒரு கேள்வி பிறந்ததும் அதன் பின்னாலேயே அடுத்தடுத்து வந்தன. வலி மருந்து யார் கையில் இருக்கும்? போனை யார் எடுப்பார்கள்? எனக்கு உடம்பு சிலிர்த்தது. சந்நிதியில் கேட்டுவிட்டு வாசலைத் தாண்டி நாலடிகூட வைக்கவில்லை. செத்துக் கிடந்த என் புத்தியை அண்ணாமலையார் தட்டி எழுப்பிவிட்டார். இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

மறுநாள் அதே மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

"பௌர்ணமி அன்னிக்கு அவருக்கு வலி வந்தா எப்படிங்க வருவீங்க? எங்க வீடு பாதையிலேயே இருக்குது."

அவர் சிரித்தார். "என்னம்மா நீங்க, மலையடிவாரத்துல இருந்துக்கினு இப்படிக் கேக்கறீங்க? எல்லாம் அண்ணாமலையார் பாத்துப்பார்."

சாமி பேரைச் சொன்ன பிறகும் நோண்டுகிறோமே, பாவமோ என்று ஒரு நிமிடம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார் என்று நான் சொல்லலாம். அது என் வேண்டுதல். அந்த மேனேஜர் சொல்லலாமா? அது அவர் வேலை அல்லவா?

"சரிங்க, அவசரத்துக்கு எந்த நம்பருக்குப் பேசணும்?"

"போர்டுல இருக்குது பாருங்க. ராத்திரி பகல் எந்நேரமும் ஆன்லயே இருக்கும்."

அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு அந்த எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. அங்கேயேதான் அடித்தது. பூட்டிய பீரோவுக்குள்ளிருந்து அடித்தது. நான் பீரோவைப் பார்த்தேன். அவரும் பீரோவைப் பார்த்தார். "சாவி நம்ம ஸ்டாஃப்கிட்ட இருக்குதும்மா. சாப்பிடப் போயிருக்காங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நல்ல மனிதர்தான். ஆனால் என் வீட்டுக்காரர் வலியில் சுருண்டு கிடக்கும்போது பீரோவுக்குள் மணி அடித்து என்ன பிரயோஜனம்? கும்பிடு போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

இரண்டாவது இடம் செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி அறை. சாமி படம் இல்லை. ஊதுவத்தி இல்லை. ஒரு மாதக் காலண்டர் மட்டும் தொங்கியது. ஷாஹிதா என்று ஒரு நர்ஸ், சாப்பிட்டுக்கொண்டிருந்த டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதே கேள்வியைக் கேட்டேன்.

"உங்க வீடு பாதையில வருண லிங்கக் கோயிலுக்கு அந்தாண்டயா, இந்தாண்டயாம்மா?"

"அந்தாண்ட."

"அப்ப பௌர்ணமி அன்னிக்கு எங்களால வர முடியாது. வரேன்னு சொன்னா அது பொய்யிம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் காலண்டரைத் திருப்பி, அடுத்த பௌர்ணமியைக் காட்டினார். "அதனால முந்தின நாளே வந்துடுவோம். டாக்டர் எழுதின வலி மருந்து உங்க கையில இருக்கும். திடீர்னு வலி ஜாஸ்தியானா எவ்ளோ குடுக்கணும், எப்படிக் குடுக்கணும்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்து, உங்களையே ஒருதபா செய்யச் சொல்லிப் பாத்துட்டுத்தான் கிளம்புவேன். அன்னிக்குப் பூரா போன் என் இடுப்புலதான் இருக்கும்."

விடுவேனா? "அந்த மருந்து போதை மருந்துனு சொல்றாங்களே, பழகிடாதா?" "டாக்டர் சொன்ன அளவுல, வலிக்குனு குடுத்தா அந்தப் பயம் வேணாம்மா. மலச்சிக்கல் வரும். அதுக்கும் சேத்தே மருந்து குடுப்போம்." "இப்பதான் சாப்பிடறீங்களா, நர்ஸுங்க மொத்தம் எத்தினி பேரு, உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா யாரு வருவாங்க?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒன்றுக்குத் தெரியாது, டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அந்தத் தெரியாது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடைசியாக அவர் எண்ணை வாங்கி அங்கேயே அழுத்தினேன். அவர் இடுப்பில் மணி அடித்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்து, "சொல்லுங்கம்மா" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அப்புறம் அவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். "அவருக்கு இன்னாம்மா புடிக்கும்?" அத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கியும் யாரும் கேட்காத கேள்வி அது. நடையைப் பார்த்து ஊர் சொல்லும் விளையாட்டைச் சொன்னேன்.

அங்கேயே பேரைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த ஷாஹிதா நேராக என் வீட்டுக்காரரிடம் போய் உட்கார்ந்தார். "உங்க உடம்புக்கு இன்னானு உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார். அல்சர் என்றுதான் நாங்கள் அவரிடம் சொல்லிவைத்திருந்தோம். அவர் சொன்னார்: "எனக்கு எல்லாம் தெரியும்மா. இவதான் அல்சரு அல்சருனு சொல்லிக்கினு இருக்கா. பாவம், போனாப் போவட்டும்னு நானும் அல்சர்காரனாவே படுத்துக்கினு இருக்கேன்." அன்றிலிருந்து எங்களுக்குள் மறைக்க ஒன்றும் இல்லை. மனசு எவ்வளவு லேசானது என்று எழுதத் தெரியவில்லை.

ஆடிப் பௌர்ணமி வந்தது. ரேவதியும் வந்திருந்தாள். மத்தியானத்திலேயே பாதை நிறைந்துவிட்டது. சொல்லி வைத்தாற்போல் அன்றைக்குத்தான் வலியும் வந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். நான் போனை அழுத்தினேன். அண்ணாமலையாரே, அண்ணாமலையாரே என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

முதல் மணியிலேயே, "சொல்லுங்கம்மா."

வலி எங்கே, முதுகுக்குப் போகிறதா, வாந்தி உண்டா, கூப்பிட்டால் பேசுகிறாரா என்று என்னைக் கேட்டுத் துளைத்துவிட்டார். எனக்கு மேல் கேள்வி கேட்கிறவரை அன்றுதான் பார்த்தேன். சொல்லிக்கொடுத்தபடியே மருந்தைக் கொடுத்தேன். பாதையில் அரோகரா சத்தம். நான் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஷாஹிதாவே திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மடக்கிய கால் மெல்ல நீண்டது. தோள் தளர்ந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"கட்டில வாசப்பக்கம் போடுங்க" என்றார்.

நானும் ரேவதியுமாக இழுத்துப் போட்டோம். நடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வசந்தா, அந்தப் பச்சைப் புடவ அம்மா தர்மபுரி. நடையப் பாரேன். போய்க் கேளு."

நான் கூட்டத்துக்குள் ஓடினேன். அந்த அம்மா, "கடலூருங்க" என்றார். வந்து சொன்னேன்.

"அவங்க புருஷன் ஊரைச் சொல்லியிருப்பாங்க" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்போது இப்படிச் சிரிக்க வைக்க யாரால் முடியும்? நான் மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆவணியில் ஒரு நாள், பொழுது விடிகிற நேரம் அவர் போய்விட்டார். ஷாஹிதாவைக் கூப்பிட்டேன். "சொல்லுங்கம்மா" என்றார். "போயிட்டாரு" என்றேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்:

"வலி இருந்துச்சாம்மா?"

"இல்லம்மா. என் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தாரு."

அடியார்களே, நான் கேட்டது இதைத்தான். உயிரைக் கேட்காத அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்தது. இப்போது எங்கள் பக்கம் யாருக்காவது இப்படி உடம்பு முடியாமல் போனால், இடம் பார்க்க என்னைக் கூட்டிப்போகிறார்கள். வாசலில் இருந்தே அவர்கள் எண்ணை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். பீரோ சாவிக்காரர்கள் இப்போது என்னைக் கண்டாலே எழுந்துவிடுகிறார்கள். அந்தப் போனும் மேஜைமேல் வந்துவிட்டது என்று கேள்வி.

உங்கள் வீட்டிலும் இந்தக் கஷ்டம் வந்திருந்தால் அண்ணாமலையாரிடம் சொல்லுங்கள். முழுசாக நம்புங்கள். நம்பிவிட்டு, எழுந்துபோய்க் கேளுங்கள். கேட்க வைப்பதும் அவர்தான். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தால் எங்கள் கடைக்கு வாருங்கள். சுக்குக் காபி தருகிறேன். எந்த ஊர் என்று கட்டாயம் கேட்பேன். போய் என் வீட்டுக்காரர் படத்தின் முன்னால் நின்று சொல்ல வேண்டும்.