ஐந்தருவியில் நான் மாற்றிச் சொன்னது

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். வீடு அருவிகளுக்குப் பக்கத்தில், மேலகரத்தில். உலக வணிகத்தைப் பற்றிய ஆவணப்படங்களை வகுப்பில் போட்டுக் காட்டி, இறக்குமதி வந்தால் சிறு வியாபாரி அழிவான் என்று வருடக்கணக்கில் சொன்னவன். அப்படியொரு படமெடுக்க வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் போன சாரல் சீசனில் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டதும், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஐந்தருவியில் பழக்கடை வைத்திருக்கும் பெண்ணிடம் அவர்களைக் கூட்டிப்போனேன். தெரிந்தவள்தான். தமிழ் தெரியாதவர்கள் விலை கேட்கும்போது நான் கண்ணில் பட்டால், “சார், இங்கன வாங்க” என்று விலை சொல்லக் கூப்பிடுவாள்.

கேமரா முன்னால் அவள் சொன்னாள்: “வெளிநாட்டுப் பழம் வந்தபொறவுதான் சார், சீசன் முடிஞ்சும் யாவாரம் ஓடுது. அதுலதான் எம்மவள நர்சுக்குப் படிக்க வச்சேன். இப்ப அவதான் எங்களப் பாத்துக்கிடுதா.”

நான் ஆங்கிலத்தில் சொன்னது வேறு. வெளிநாட்டுப் பழம் வந்து பிழைப்பே போயிற்று, சில நாள் அடுப்புகூட எரிவதில்லை, கேட்க ஆளில்லை என்றேன். இயக்குநர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

கொச்சியில் நர்சாக வேலை பார்க்கும் அவள் மகள் படத்தைப் போனில் பார்த்துவிட்டாள். தாயின் பேச்சை அமுக்கி ஒலித்த ஆங்கிலக் குரலைக் கேட்டுவிட்டு, “மாசாமாசம் பணம் அனுப்புதேன், கேக்க ஆளில்லன்னா சொன்ன?” என்று தாயிடம் கேட்டிருக்கிறாள். தாய் இல்லையென்றதை நம்பாமல் அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

“நான் அப்படியா சார் சொன்னேன்?” என்று தாய் என்னிடம் வந்து கேட்டாள்.

“எடிட்டிங்கில் மாற்றியிருப்பார்கள்” என்றேன். நம்பிவிட்டாள்.

இந்த வருடம் சாரல் விழத் தொடங்கியும் மகள் ஊருக்கு வரவில்லை. அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கடைக்குப் போய், மாற்றியது நான்தான் என்று சொன்னேன். அவள் ரம்புட்டான் பழங்களை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். பிறகு என் போனை வாங்கி, மகளின் எண்ணை அழுத்தி என்னிடமே நீட்டினாள்.

மகளிடமும் சொன்னேன். “அம்மாட்ட குடுங்க” என்றாள்.

“நான் சாப்புட்டேன்ட்டி. நீ சாப்புட்டியா?” என்று தாய் கேட்டாள்.

அவள் பேசி முடிப்பதற்குள் ஒரு வடநாட்டுக் குடும்பம் கடைக்கு வந்து மங்குஸ்தானைக் காட்டி விலை கேட்டது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவர்களுக்கு விரல்களை விரித்துக் காட்டினாள்.