கழிவு போடாமல் ஒன்பது கிலோ

என் அத்தான் சீவரத்தினத்துக்குப் பெரிய ஆசைகள் எதுவும் கிடையாது. வெங்காயம் அழுகாமல் விளைய வேண்டும். ஒரே மகள் சுபாஜினியின் கலியாணத்தில் மணவறையில் சம்மணம் கட்டி இருந்து அவள் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவதற்குத்தான் முழங்கால் மறுத்தது. போன வருடம் பண்டத்தரிப்புத் தோட்டத்தில் களை பிடுங்கக் குந்தியவர், எழும்ப முடியாமல் பாத்தியிலேயே இருந்துவிட்டார். நானும் என் அக்கா ஞானாம்பிகையும் ஆளுக்கொரு கையாகத் தூக்கினோம். அப்போது அவர் நூற்றுநான்கு கிலோ. என் இடுப்பு அதை இன்னும் மறக்கவில்லை.

"கலியாணத்திலை கதிரை போட்டு இருந்தால் என்ன அத்தான்?" என்று கேட்டேன்.

"நான் என்ன, மண்டபத்துக்கு வந்த விருந்தாளியோ?" என்று சீறினார்.

தெல்லிப்பழையில் டொக்டரிடம் கூட்டிப் போனேன். "மாதத்துக்கு ரெண்டு கிலோ குறைஞ்சால் காணும். சோத்தைப் பாதியாக்குங்கோ, நடவுங்கோ, அவசரப்படாதேங்கோ" என்றார் அவர். அத்தானுக்கு அவசரப்படாமல் எதையும் செய்யத் தெரியாது. அன்றைக்கே சோற்றை அடியோடு நிறுத்திக் கஞ்சித் தண்ணீரில் இறங்கினார். அந்தக் கிழமையே ஒரு சாமத்தியவீட்டு விருந்தில் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "உது எனக்குச் சரிவராது மச்சான்" என்று கையை விரித்தார். பிறகு மறுபடி தொடங்கினார், விட்டார், தொடங்கினார்.

நிறுவையிலும் குழப்பம். வெங்காய மூட்டை நிறுக்கும் தராசில்தான் ஏறி நிற்பார். சந்தையில் வியாபாரி பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு பிடிப்பானல்லவா, அந்தப் பழக்கத்தில் தனக்கும் கழிவு போட்டுக்கொள்வார். உடுத்த சாரத்துக்குக் கொஞ்சம், குடித்த தேத்தண்ணீருக்குக் கொஞ்சம். வீட்டில் இறங்கிய எடை டொக்டரின் தராசில் ஏறி நிற்கும். "அந்தாளின்ரை தராசு பிழை" என்பார். ஒருநாள் டொக்டர் சிரித்தே விட்டார். அதற்குப் பிறகுதான் மனுசன் கழிவு போடுவதை நிறுத்தினார். எனக்குத் தெரிய, அவர் உண்மையாக மெலியத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

விடிய என்னோடு நடந்தார். அவரோடு நடப்பது ஒரு தண்டனை, படலைக்குப் படலை நின்று கதைப்பார். ஆனாலும் ஒன்பது கிலோ இறங்கியது. ஒருநாள் தனியாகக் குந்தி, தனியாக எழும்பினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு வந்தது வினை. ஊரில் ஒருவர் மெலிந்தால் யார் சந்தோசப்படுகிறார்கள்? அயல்வீட்டு அருமைநாயகி அக்கா, ஆஸ்பத்திரியில் வருத்தக்காரரைப் பார்க்கப் போவதுபோல மோல்ற் மாப் பெட்டியும் பிஸ்கற்றும் கொண்டு வந்தார்.

"மறைக்காதேங்கோ தம்பி. கொழும்பிலை ஒருக்கால் காட்டுங்கோ."

"எனக்கு ஒண்டுமில்லை அக்கா, சோறுதான் குறைச்சனான்" என்றார் அத்தான்.

"எல்லாரும் முதல் அப்பிடித்தான் சொல்லுறவை" என்று அவர் கண்ணைத் துடைத்தார்.

அத்தான் அன்று முழுவதும் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். "மச்சான், உண்மையா எனக்கு ஏதும் இருக்குமோ?" என்று என்னையே கேட்டார். எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கலியாணத் தரகர் போன் எடுத்தார். சுபாஜினிக்குப் பேசிய கஜீபனின் வீட்டாருக்குப் பெண் நல்ல பிடித்தமாம். "ஆனால் தேப்பனுக்கு என்ன வருத்தமெண்டு கேக்கினம். பரம்பரை வருத்தமோ எண்டு." கஜீபனோடு கதைத்துச் சிரித்த சுபாஜினியின் முகம் அன்று கறுத்துப் போனது. அத்தான் அதைப் பார்த்தார். அக்கா உடனே புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்தார்.

"இஞ்சருங்கோ, அவை வந்து பாத்திட்டுப் போகுமட்டும் சாப்பிடுங்கோ. பிறகு உங்கடை டொக்டரின்ரை சொல்லைக் கேளுங்கோ."

"கையைப் பிடிச்சுக் குடுக்கத்தானே மெலிஞ்சனான். மெலிஞ்சதாலை கலியாணமே நிக்குமெண்டால் நான் என்னதான் செய்யிறது?"

அக்கா புட்டுக் கோப்பையை அவர் பக்கம் தள்ளி வைத்தார். மனுசன் புட்டைச் சாப்பிட்டார். ஒரே கிழமையில் மூன்று கிலோ திரும்பி வந்தது, முழங்கால் நோவும் கூடவே வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று நல்ல வெயில். அத்தான் இரண்டு பெனியனுக்கு மேல் தடித்த சட்டை போட்டு உப்பலாக வந்து இருந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் நடராசா பலகாரத்தில் கை வைக்குமுன்னரே அத்தானுக்கு வியர்வை கொட்டியது. மாப்பிள்ளையின் தாய் கணவனின் காதில் குசுகுசுத்தது எனக்கும் கேட்டது. "நெஞ்சு வருத்தம் போலை."

அத்தானுக்கும் கேட்டிருக்க வேண்டும். எழும்பி நின்று சட்டையைக் கழற்றினார், மேல் பெனியனையும் கழற்றினார். அக்கா வாயில் கை வைத்தார்.

"எனக்கு ஒரு வருத்தமுமில்லை. மணவறையிலை சப்பாணி கட்டி இருக்கவேணுமெண்டு சோத்தைக் குறைச்சனான். கழிவு போடாமல் ஒன்பது கிலோ. அதிலை மூண்டு போன கிழமை திரும்பி வந்திட்டுது. உங்களுக்காகச் சாப்பிட்டது."

நடராசா கையில் எடுத்த முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்தார்.

மூன்றாம் நாள் தரகரின் போன் வந்தது. சம்மதமாம். அக்கா அழுதார், சுபாஜினி அறைக்குள் ஓடினாள். தரகர் இன்னும் வைக்கவில்லை. "மாப்பிளையின்ரை தாய் ஒண்டு சொல்லச் சொன்னவ. கலியாணத்துக்கிடையிலை தேப்பன் கொஞ்சம் உடம்பு வைக்கட்டுமாம். வீடியோவிலை வருத்தக்காரர் மாதிரித் தெரியப்படாதாம்."

அத்தான் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை மச்சான்" என்றார். எனக்கும்தான்.

மத்தியானம் அக்கா சாப்பாட்டுக் கோப்பை நிறையச் சோறு போட்டார். சுபாஜினி வந்து பாதியைத் திரும்பச் சட்டிக்குள் போட்டாள்.

"வீடியோவிலை எப்பிடியும் தெரியட்டும். நீங்கள் எனக்குப் பக்கத்திலை நிலத்திலை இருக்கவேணும் அப்பா."

அத்தான் கதிரையை விட்டு இறங்கி, நிலைக்கதவைப் பிடித்தபடி மெல்ல மெல்ல நிலத்தில் அமர்ந்தார். ஒரு கால் மடிந்தது. மற்றதைக் கையால் இழுத்து மடித்துக்கொண்டு, அந்த அரைக் கோப்பைச் சோற்றையும் அப்படியே இருந்து சாப்பிட்டார். எழுப்புவதற்குத்தான் நானும் அக்காவும் தேவைப்பட்டோம்.